கக்கூஸ் மேடம் வரைந்த வரைபடம்

என் நாத்தனாருக்கு அவள் அலுவலகத்தில் கக்கூஸ் மேடம் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் அவள் காதில் விழுகிற தூரத்தில் நின்று சொல்வார்கள். நகரசபையின் திட்டப் பிரிவில் கட்டட வரைபடம் போடுவது அவள் வேலை. எந்தக் கட்டடத்தைக் கொடுத்தாலும் முதலில் கழிப்பறையைத்தான் வரைவாள். மற்றவர்கள் வாசல், படிக்கட்டு, அறை என்று ஜம்பமாக வரைந்துகொண்டே போய், கடைசியில் மிஞ்சுகிற இருட்டு மூலையில் கழிப்பறையைத் திணிப்பார்கள். இவள் காற்றும் வெளிச்சமும் வருகிற இடமாகப் பார்த்து அதற்குக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் மனிதர்கள் உட்காருவதற்கு இடம் தேடுவாள்.

"முதல்லயே போட்டுட்டா அப்புறம் யாரும் பிடுங்க முடியாது" என்பாள்.

பிடுங்கினார்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவள் என் கணவருக்கு அக்கா. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. அவளுக்குத் தனி டம்ளர், தனித் துண்டு, தனி சோப்பு. சோப்பில் யாருடைய முடியாவது ஒட்டியிருந்தால் அன்றைக்கு வீடு ரணகளம்தான். பஸ்ஸில் கம்பியை வெறுங்கையால் தொட மாட்டாள், கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்து அதைச் சுற்றிப் பிடிப்பாள். கல்யாணம் ஏன் வேண்டாம் என்கிறாய் என்று வீட்டில் கேட்டபோது அவள் சொன்ன பதில், "யாரோ ஒரு ஆளோட ஒரே பாத்ரூமா? ச்சீ!" அந்தச் ச்சீ எங்கள் வீட்டில் சுவாசம் மாதிரி. என் மகள் பேசக் கற்றபோது அம்மாவுக்கு அடுத்து அவள் வாயில் வந்த வார்த்தை அதுதான். அப்பா கூட அதற்குப் பிறகுதான் வந்தது, என் வீட்டுக்காரருக்கு இன்னும் அந்த வருத்தம் உண்டு.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு எரிச்சலாக இருக்கும். பெரிய மகாராணி என்று நினைத்துக்கொள்வேன். என் வீட்டுக்காரர்தான் ஒரு நாள் சொன்னார். சின்ன வயதில் அக்கா படித்தது எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற அரசுப் பள்ளிக்கூடத்தில். அங்கே பெண்கள் கழிப்பறைக்குள் போக முடியாமல் காலையிலிருந்து சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். அடக்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீரே குடிக்க மாட்டாளாம். கடைசியில் சிறுநீரகத்தில் கிருமி ஏறி, காய்ச்சலில் தூக்கித் தூக்கிப் போட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து, அந்த வருஷப் பரீட்சையே போயிற்று. அதற்குப் பிறகுதான் இந்த ச்சீ. கேட்டதற்கப்புறம் நான் அவள் சோப்பு பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

அதே பள்ளிக்கூடத்தில்தான் இப்போது என் மகளும் படிக்கிறாள். வேறு பள்ளியில் போடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என் வீட்டுக்காரர் சரக்கு வண்டி ஓட்டுகிறார், நான் மருந்துக்கடையில் நிற்கிறேன். அதோடு அங்கே பாடம் நடத்துவதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. டீச்சர்கள் தங்கமானவர்கள். அவர்களும் பாவம், அடக்கிக்கொண்டுதான் பாடம் நடத்துகிறார்கள்.

மகள் காலையில் கொண்டு போகிற தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே நிறைந்து வரும்.

"ஏன்டி குடிக்கல?"

"குடிச்சா போகணும்ல?"

பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் எங்கள் வீட்டுக் குளியலறையில் யாரும் இருக்கக் கூடாது, அது வீட்டுச் சட்டம். செருப்பு ஒரு பக்கம் பறக்கும், பை ஒரு பக்கம் பறக்கும், பிள்ளை அம்பு மாதிரி உள்ளே போவாள். அக்கா அந்த நேரத்தில் வீட்டில் இருந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுவாள். அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

அந்தக் கழிப்பறையை நீங்கள் பார்த்ததில்லை, உங்கள் அதிர்ஷ்டம். பள்ளிக் கட்டடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு வரிசை. கதவுகளின் கீழ்ப்பாதியை ஈரம் தின்றுவிட்டது. எந்தக் கதவிலும் உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் சிநேகிதி ஒருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடிக்க வேண்டும். குழாய் கசிகிறது என்று யாரோ வால்வை மூடினார்கள், பிறகு யாரும் திறக்கவில்லை. சுத்தம் செய்கிற அம்மா ஓய்வு பெற்றுப் போனார், அந்த இடத்துக்கு இன்றுவரை ஆள் போடவில்லை. வெயில் நேரத்தில் அந்த நாற்றம் வகுப்பறை ஜன்னலில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பள்ளிக்கூடம் இருப்பது மெயின் ரோட்டில். நாற்றமடித்தாலும் நிலம் தங்கம். அதனால் ஒரு நாள் நகரசபைக்கு ஞானோதயம் வந்தது. ரோட்டோரமாகக் கடைகள் கட்டி வாடகைக்கு விடுவது, அந்த வருமானத்தில் பின்னால் புதுப் பள்ளிக் கட்டடம் கட்டிப் பராமரிப்பது என்று முடிவு செய்தார்கள். வரைபடம் போடுகிற வேலை அக்காவிடம் வந்தது.

எனக்குப் பிடிக்கவில்லை. "பள்ளிக்கூடத்து நிலத்துல கடையா? கேட்கவே அசிங்கமா இருக்கே அக்கா" என்றேன்.

"கடைக்காரன் குடுக்கிற வாடகையில குழந்தைங்க நிம்மதியா ஒண்ணுக்குப் போகட்டுமே. அதுல என்ன அசிங்கம்?" என்றாள்.

அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, மறுபடி துடைத்து, அதன்மேல் தாளை விரித்து என் மகளுக்குக் காட்டினாள். ஒவ்வொரு மாடியிலும் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை. படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே, டீச்சர் கண்ணில் படுகிற இடத்தில், பெரிய ஜன்னலோடு.

மகள் தாளில் விரல் வைத்துக் கேட்டாள். "அத்தை, இதுக்கு உள்ள தாழ்ப்பாள் இருக்குமா?"

"இருக்கும்டா."

"தண்ணி?"

"குழாய், பக்கெட், குப்பைக்கூடை, துணி மாட்ட ஆணி, எல்லாம் இருக்கும்."

"அப்போ நான் பாட்டில் ஃபுல்லா குடிப்பேன்" என்றாள் மகள். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள், அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது திருத்தம். நகரசபைத் தலைவர் ஒருவர், கடைகளைக் கட்டப்போகிற பில்டர் ஒருவர், இரண்டு பேரும் வாரா வாரம் அக்காவின் மேஜைக்கு வருவார்கள். தலைவர் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத் தாளைப் புரட்டுவார். அக்கா வரைந்த வகுப்பறைகளின் மேல் அந்த எச்சில் ரேகை காயும் வரை அவள் அந்தத் தாளைத் தொட மாட்டாள். பில்டரின் கை எப்போதும் வேர்த்திருக்கும், அந்தக் கையைக் கொடுக்காமல் அவர் ஒரு தடவை கூடப் போனதில்லை. அக்கா வீட்டுக்கு வந்ததும் கையை உரசி உரசிக் கழுவுகிற சத்தத்தை வைத்தே, இன்றைக்குத் திருத்தம் நடந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

கடைக்கு ஆழம் போதவில்லை என்றார்கள், விளையாட்டு மைதானம் போயிற்று. வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்றார்கள், பள்ளியின் முன்வாசல் பக்கச் சந்துக்குப் போயிற்று. மாடிக்கு மாடி கழிப்பறை எதற்கு என்றார்கள், கீழே மட்டும் ஒன்று என்று ஆயிற்று. அப்புறம் அந்த ஒன்றும் ஒரு கடையின் சரக்கு அறைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்றார்கள்.

"கடைப் பக்கம் ஃபர்ஸ்ட் கிளாஸ் டாய்லெட் வருது மேடம். டைல்ஸ், கண்ணாடி, ஏசி எல்லாம். பிள்ளைங்க அதையே யூஸ் பண்ணிக்கட்டுமே" என்றாராம் பில்டர்.

"வாட்ச்மேன் உள்ள விடுவாரா?" என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

"கூட்டமா வந்தா கஸ்டமருக்குச் சங்கடம்தான். ஒண்ணு செய்யலாம். கடை திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு டைம் குடுத்துடலாம். அதுக்குள்ள எல்லாரும் போயிட்டு வந்துடட்டும்."

தலைவர் இதைக் கேட்டு, நல்ல யோசனை என்று தலையாட்டினாராம். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மொத்தமும் காலையில் கடை திறப்பதற்குள் அன்றைய பாட்டை முடித்துக்கொள்ள வேண்டுமாம். இதைச் சொன்னவருக்கும் மூத்திரப்பை இருக்கும், கேட்டவருக்கும் இருக்கும். இரண்டு பேருக்கும் அது வேறு ஏதோ உலோகத்தால் செய்தது போலிருக்கிறது. அக்கா இதையெல்லாம் வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டே சொன்னாள்.

"அவங்க ஒரு தடவை கூட அந்த இடத்தைப் பார்க்கல. பார்த்தா இப்படிப் பேச மாட்டாங்க" என்றாள் அக்கா.

"அதான் நேர்ல வந்து பார்த்துட்டுப் போனாங்களே?"

"எதைப் பார்த்தாங்க?"

அதுவும் நிஜம்தான். நேரில் பார்வையிடுவது என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. கார் உள்ளே வரும். தலைமையாசிரியையின் அறைக்கு நேரே கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி, டீ, பிஸ்கட், ஜூஸ். அவசரம் என்றால் அந்த அறையோடு சேர்ந்த கழிப்பறை இருக்கிறது. அதற்கு ஒரு பூட்டு, சாவி தலைமையாசிரியையின் மேஜை டிராயரில். பெரிய மனிதர்கள் வந்தால் மட்டும் திறப்பார்கள். ஜன்னல் வழியாக ரோட்டையும் நிலத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தின் முதுகை யாரும் பார்ப்பதில்லை.

கடைசித் திருத்தத்துக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இன்னொரு முறை பார்வையிட வேண்டும் என்று அக்காதான் குறிப்பு எழுதி ஏற்பாடு செய்தாள். பெற்றோர் சங்கத்தில் நான் இருப்பதால், தட்டு ஏந்துகிற வேலை எனக்கு. அன்று காலை அக்கா தர்பூசணி ஜூஸ் ஒரு பெரிய கேன் நிறைய வாங்கி வந்தாள்.

"எதுக்கு இவ்வளவு?" என்றேன்.

"குளிர்ச்சி" என்றாள். சிரிக்கக் கூட இல்லை.

தலைமையாசிரியையின் அறைக்குள் நுழைந்து, டிராயரைத் திறந்து, டிஷ்யூவால் அந்தச் சாவியை எடுத்துச் சுருட்டித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். தலைமையாசிரியைக்கு முகம் வெளுத்துவிட்டது. "மேடம், நான் ரிட்டயர் ஆகப்போறவ. என்னை மாட்டி விட்டுடாதீங்க" என்றார்.

"சாவி எங்கயோ விழுந்துடுச்சுன்னு சொல்லுங்க. பொய் இல்ல, என் பைக்குள்ளதான் விழுந்திருக்கு" என்றாள் அக்கா.

வந்தார்கள். வெயில் கொளுத்தியது. தலைவர் ஜூஸை மடக் மடக்கென்று குடித்தார், நானும் விடாமல் ஊற்றினேன். பேச்சு கடை வாடகை, முன்பக்கக் கண்ணாடி, பெயர்ப் பலகை என்று போய்க்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் தலைவர் கால்மேல் கால் போட்டார், மாற்றிப் போட்டார், எழுந்தார். தலைமையாசிரியை டிராயரைத் துழாவினார், கும்பிட்டார், அழுவது போல ஆனார். "பின்னாடி பிள்ளைங்களோடது இருக்கு சார்" என்றாள் அக்கா. வழியும் அவளே காட்டினாள்.

கதவை வெளியிலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவர் உள்ளே போன வேகத்திலேயே வெளியே வந்தார். வேட்டி, பேன்ட் என்று எதுவானாலும் அந்தத் தரையில் நனையாமல் தப்பாது, அவருடையதும் தப்பவில்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மதில் ஓரமாகப் போய்க் குனிந்தார். நான் ஊற்றிய ஜூஸ் அவ்வளவும் சிவப்பாக வெளியே வந்தது. எனக்கு அருவருப்பாகவும் இருந்தது, மனசு குளிர்ந்தும் போயிற்று. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"மனுஷன் போற இடமா இது?" என்றார் மூச்சு வாங்க.

"மனுஷங்க போறதில்ல சார், பிள்ளைங்கதான் போறாங்க" என்றேன். தலைமையாசிரியை என் முழங்கையைக் கிள்ளினார்.

தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். "இந்த நரகத்துல பிள்ளைங்களை ஒரு நாள் கூட வெச்சிருக்கக் கூடாது மேடம். நீங்க பார்த்ததை விலாவாரியா எழுதுங்க. ஒண்ணு விடாம எழுதுங்க."

அக்கா எழுதினாள். வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த ச்சீ அவ்வளவையும் அந்த அறிக்கையில் கொட்டினாள். புழு, தேக்கம், தாழ்ப்பாள் இல்லாத கதவு, அடக்கிக்கொண்டு உட்காருகிற பெண்கள், எதையும் விடவில்லை. எழுதி முடித்த சந்தோஷத்தில் மேஜையில் இருந்த என் டம்ளரை எடுத்து என் மிச்ச டீயைக் குடித்துவிட்டாள். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்து வாயைப் பிளந்தார். நான் அவரைக் கண்ணால் அதட்டினேன்.

அடுத்த வாரம் நகரசபைக் கூட்டம். சாயங்காலம் அக்கா வந்து வாசலிலேயே நின்றாள். செருப்பைக் கழற்றவில்லை, கை கழுவவில்லை.

"பிள்ளைங்களை மாத்தறாங்களாம்" என்றாள்.

"எங்க?"

"நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு. இந்த இடம் பிள்ளைங்க இருக்கத் தகுதியே இல்லையாம். மொத்த நிலமும் கடைக்கு. பள்ளிக்கூடமே கிடையாது."

கூட்டத்தில் அவள் அறிக்கையைத் தலைவர் வாய்விட்டுப் படித்தாராம். படிக்கும்போது குரல் தழுதழுத்ததாம். என் கண்ணால் பார்த்தேன், நம் குழந்தைகளுக்கு இந்தக் கொடுமை வேண்டாம் என்று உருகினாராம். எல்லோரும் கைதட்டினார்களாம். கூட்டம் முடிந்ததும் பில்டர் வந்து அந்த வேர்த்த கையைக் கொடுத்து, "என்னமா எழுதியிருக்கீங்க மேடம்! எனக்கே கண்ணு கலங்கிடுச்சு" என்றாராம்.

நெடுஞ்சாலையைத் தாண்டிப் பெண் பிள்ளைகளை அனுப்ப எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு மனசு வராது. படிப்பு அதோடு நிற்கும். அது தலைவருக்கும் தெரியும்.

"நாறுதுன்னு காட்டினா கழுவுவாங்கன்னு நினைச்சேன்" என்றாள் அக்கா.

அவள் செய்த தப்பு அதுதான். அவளுக்கு அருவருப்பு வந்தால் துணியைத் தேடுவாள், சோப்பைத் தேடுவாள், சுத்தமாகும் வரை ஓய மாட்டாள். உலகத்தில் எல்லோருக்கும் அருவருப்பு அப்படித்தான் வேலை செய்யும் என்று நம்பிவிட்டாள். தலைவர் மாதிரி ஆட்களுக்கு அருவருப்பு வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிலத்தைச் சுருட்டத் தோன்றும் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. பள்ளியை மூடுவதற்கு முன்னால் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து பார்த்து, இடம் தகுதியற்றது என்று எழுத வேண்டும். அவர் வருகிற தேதி அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை, பழைய சேலை ஒன்றைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"வா" என்றாள் என்னிடம்.

"அக்கா, உனக்கு மயக்கம் வந்துடும். ஆள் வெச்சுக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"கேட்டேன். வந்து பார்த்துட்டு ஓடிட்டாங்க."

பிளீச்சிங் பவுடர், ஆசிட், துடைப்பம், நீளக் கம்பி. என்னோடு இன்னும் சில அம்மாக்களும் வந்தார்கள். மூடிக் கிடந்த வால்வை என் வீட்டுக்காரர்தான் மல்லுக்கட்டித் திறந்தார். முதல் கதவைத் திறந்ததும் அக்கா மதில் ஓரம் போய் வாந்தி எடுத்தாள், தலைவர் எடுத்த அதே இடத்தில். வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்தாள். மறுபடி போய் எடுத்தாள், மறுபடி வந்தாள். மூன்றாவது முறை வயிற்றில் எதுவும் மிச்சமில்லை போலிருக்கிறது, உள்ளேயே நின்றுவிட்டாள். நான் எட்டிப் பார்த்தேன். பை கிழிந்து போயிருந்தது. வெறுங்கையால் கம்பியைப் பிடித்து அடைப்பைக் குத்திக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது. ஆசிட் புகையா, அழுகையா என்று நான் கேட்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் எனக்கு அவள்மேல் வந்த மரியாதை பெற்ற தாய்மேல் கூட வந்ததில்லை.

சாயங்காலத்துக்குள் கோப்பைகளின் வெள்ளை நிறம் வெளியே வந்தது. அது வெள்ளை என்றே எங்களில் பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு கதவிலும் தாழ்ப்பாள் அடித்தோம். அக்கா உள்ளே போய் ஒவ்வொன்றையும் போட்டுத் திறந்து பார்த்தாள்.

திங்கட்கிழமை மகள் வீட்டுக்கு வந்தபோது பை பறக்கவில்லை. செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்தாள். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து அத்தையிடம் காட்டினாள், ஒரு சொட்டு விழவில்லை.

அதிகாரி அந்த வாரமே வந்தார். நிதானமான பெண். ஜூஸ் வேண்டாம் என்றார். நேராகப் பின்னால் போய் ஒவ்வொரு கதவாகத் திறந்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்து, தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு! அறிக்கையில ஏன் அப்படி எழுதியிருக்கு?" என்றார். தலைமையாசிரியை அவசரமாகக் குழாயை இன்னொரு முறை திறந்து காட்டினார். அவர் எழுதிக்கொண்டு போனார். பள்ளிக்கூடம் இருக்கத் தகுதியானது, மாற்ற வேண்டியதில்லை. அம்மாக்கள் எல்லாம் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டோம். அக்காவைக் கட்டிக்கொள்ள எனக்குத் தயக்கமாக இருந்தது, அவளே வந்து கட்டிக்கொண்டாள்.

அந்தச் சந்தோஷம் அடுத்த கூட்டம் வரைதான். தலைவர் இந்தத் தடவை உருகவில்லை, சிரித்தாராம். "கழிப்பறை நல்லா இருக்குன்னு அதிகாரியே எழுதிட்டாங்க. அப்போ புதுசா எதுக்கு? கட்டடமும் நல்லாத்தான் இருக்கு, பெயின்ட் அடிச்சாப் போதும்." ரோட்டோரக் கடைகள் அப்படியே இருக்கும். மைதானம் போனது போனதுதான். பள்ளிக்குப் புதுக் கட்டடமும் கிடையாது, புதுக் கழிப்பறையும் கிடையாது. வாடகை நகரசபையின் பொதுக் கணக்குக்குப் போகும். இந்தத் திருத்தத்தையும் அக்காதான் வரைய வேண்டும்.

நாறினால் பள்ளிக்கூடம் வேண்டாம், நாறாவிட்டால் கழிப்பறை வேண்டாம். இந்த மாதிரி மூளை உள்ள ஆட்களோடு ஒரே காற்றைச் சுவாசிக்கிறோமே என்று நினைத்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. "வேலையை விட்டுட்டு வாங்க அக்கா, அவங்க மூஞ்சியிலேயே முழிக்க வேண்டாம்" என்றேன்.

"நான் விட்டா வேற ஒருத்தர் வரைவாங்க. மிச்சமிருக்கிற பள்ளிக்கூடத்துல இன்னும் எதைக் கேக்கிறாங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?" என்றாள். வரைந்து கொடுத்தாள். முதல் தடவையாக ஒரு வரைபடத்தை வாசலிலிருந்து ஆரம்பித்தாளாம். அலுவலகத்தில் அதற்கும் சிரித்தார்களாம்.

இப்போது பள்ளிக்கூடத்து மதிலில், வரப்போகிற கடைகளின் பெரிய படம் வைத்திருக்கிறார்கள். அதில் சீருடை போட்ட இரண்டு பெண் பிள்ளைகள் ஐஸ்கிரீம் கையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் காறித் துப்ப வேண்டும் போலிருக்கும். பல நாள் பக்கத்தில் அக்கா வருவாள், அதனால் விழுங்கிக்கொள்வேன். ரோட்டில் துப்பினால் அவளுக்கு ஆகாது.

சுத்தம் செய்ய இன்னும் ஆள் போடவில்லை. நன்றாக இருக்கிற கழிப்பறைக்கு ஆள் எதற்கு என்கிறார்கள். ஆரம்பத்தில் வந்த அம்மாக்கள் ஒவ்வொருத்தராக நின்றுவிட்டார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. அக்கா மட்டும் சனிக்கிழமை தவறாமல் பழைய சேலையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கிளம்புகிறாள். நான் கடைக்கு லீவு கிடைத்தால் போகிறேன். ஒரு தடவை கழுவினால் அது எத்தனை நாளைக்குத் தாங்கும்? திங்கட்கிழமை மகளின் பாட்டில் காலியாக வரும். செவ்வாய், புதன் பாதி வரும். வியாழக்கிழமை முக்கால்.

போன வெள்ளிக்கிழமை செருப்பு ஒரு பக்கம் பறந்தது, பை ஒரு பக்கம் பறந்தது. அக்கா சுவரோடு ஒட்டி வழிவிட்டாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும், குனிந்து பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். டிஷ்யூ இல்லாமல் வெறுங்கையால் எடுத்தாள். மூடி கூடத் திறக்கப்படாமல் கழுத்துவரை நிறைந்திருந்தது.

"ஆசிட் தீர்ந்துபோச்சு, போய் ஒரு பாட்டில் வாங்கிட்டு வா" என்றாள் என்னிடம். "நாளைக்குச் சனிக்கிழமை."